தார்ப்பாய் போட்ட தோட்டம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கிறேன் பேர்வழி என்று மெத்தை விரிப்பெல்லாம் கறை ஆக்கி வைத்திருக்கிறார். நீ போனில் கேட்கும்போதெல்லாம் உன் தங்கை எல்லாம் நல்லா இருக்குண்ணா என்று சொல்லிவிட்டு என் பக்கம் தள்ளிவிடுகிறாள், அவள் எதிரிலேயே நிற்பதால் நானும் ஆமாம் ஆமாம் என்று வைத்துவிடுகிறேன். நல்லா இல்லை கண்ணா. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போட்டது உனக்குத் தெரியும், படமெல்லாம் அனுப்பினாளே. பள்ளிக்கூடத்தில் என் சமையல்கட்டில் விழுகிற காய்கறித் தோலை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மக்க வைத்தார்கள். மருந்து ஒரு சொட்டு தெளிக்கவில்லை, புழுவை எல்லாம் கையாலேயே பொறுக்கினார்கள். மண்ணைக் கெடுக்காமல் சாப்பாடு விளைவிக்க முடியும் என்று அந்த வயதிலேயே தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது என்பாள் உன் தங்கை. நான் அங்கே சமைக்கிறவள், எனக்கு அதெல்லாம் தெரியாது. கீரையைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற பிள்ளைகள், தானே தண்ணீர் ஊற்றி வளர்த்தது என்றதும் தட்டை வழித்துத் தின்றார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன். அதில் அணில் என்று ஒரு பெண் பிள்ளை. எதைக் கண்டாலும் கடித்துப் பார்ப்பாள் என்று அந்தப் பெயர். கேரட்டைப் பிடுங்கிப் பாவாடையில் துடைத்து அங்கேயே நின்று தின்றுவிட்டு, டீச்சர் இது பூச்சி கடிச்சிடுச்சு அதான் நான் தின்னுட்டேன் என்று கதை விடுவாள். உன் தங்கைக்கு அவள்மேல் உயிர்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க வேண்டும், நம் மண் எவ்வளவு நல்ல மண்ணாக மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று பிள்ளைகள்தான் ஒரு பையில் மண் அள்ளி விவசாயக் கல்லூரிக்குக் கொடுத்தனுப்பினார்கள். சோதித்துப் பார்த்த கல்லூரி அம்மா போன் பண்ணாமல் நேரிலேயே வந்துவிட்டார். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து, இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாட்ச்மேன்தான் சொன்னார், பள்ளிக்கூடம் பின்பக்க இடத்தை வாங்கிச் சுவர் எழுப்புவதற்கு முன் அங்கே பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்ததாம். மண்ணெல்லாம் ஈயம். கீரையும் கிழங்கும் அதை உறிஞ்சிக்கும், உள்ள போனதைக் கழுவி எடுக்க முடியாது என்றார் அந்த அம்மா. உன் தங்கை, பிள்ளைங்க சாப்பிட்டாங்களே, பிள்ளைங்க சாப்பிட்டாங்களே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றேன். ஆக்கிப் போட்ட கை என்னுடையதுதானே.

பெரிய டீச்சர், செடிக்கு நோய் வந்துடுச்சுன்னு சொல்லி எடுத்துடலாம், வீணா பயமுறுத்த வேண்டாம் என்றார். கெட்டவர் இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயரை நினைத்துச் சொன்னார். உன் தங்கை அதற்கு, செடிக்குத்தான் நோய்னு சொன்னா எந்த அம்மா பிள்ளைக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிட்டுப் போவாங்க மேடம் என்று கேட்டுவிட்டு, தானே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சொன்னாள். பிள்ளைகளையும் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். கையுறை போட்டுக்கொண்டு அவளும் வாட்ச்மேனுமாகப் பிடுங்கினார்கள், பிள்ளைகளை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள். தக்காளி எல்லாம் பழுத்துத் தொங்குகிற நேரம். ஆட்டுக்காவது போடலாமே டீச்சர் என்றான் ஒருவன், அதற்கும் கூடாது என்றாள். அப்படியானால் நம் உரக்குழியில் போடலாம் என்றார்கள், அதுவும் கூடாது, எல்லாம் மூட்டையாகக் கட்டி வண்டியில் போக வேண்டும் என்றாள். அப்போது அணில்தான் அழுதுகொண்டே கேட்டாள், குப்பைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொன்னீங்களே டீச்சர் என்று. உன் தங்கை மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

ரத்தம் பார்த்ததில் மற்ற பிள்ளைகளுக்குப் பயப்படும்படி இல்லை என்றார்கள். அணிலுக்குத்தான் ரத்தத்தில் அதிகம். இனி உள்ளே போகாமல் பார்த்துச் சத்தாகக் கொடுத்தால் மெல்ல இறங்கும், ஆனால் இதுவரை போனது என்ன செய்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், நேரே நம் வீட்டுக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. எம் பொண்ணு கடைப் பாக்கெட்டைத் தின்னுட்டுக் கிடந்தா, அது உடம்புக்கு ஆகாது, நல்லதைத் தின்னச் சொல்லித் தரேன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பாக்கெட்டையே தின்னிருந்தா நல்லா இருந்திருப்பாளே என்றார். உன் அப்பா, உட்காருங்க, தண்ணியாவது குடிங்க என்று டம்ளரை நீட்டினார். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிக்காமல் போய்விட்டார். பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது தோட்டத்தின்மேல் தார்ப்பாய் விரித்து ஓரமெல்லாம் கல் வைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்தினால் போதும் என்று உன் தங்கையிடம் சொல்லிவிட்டார்கள், அவளும் சரி என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தால் கை கழுவுகிறாள், துடைக்கிறாள், மறுபடி கழுவுகிறாள். நீ போன் பண்ணும்போது உன்மேல தப்பில்ல என்று மட்டும் ஆரம்பிக்காதே. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்டதும் எழுந்து போய்விடுகிறாள். கொஞ்ச நாள் இங்கே வந்து இரு என்றும் கூப்பிடாதே, வர மாட்டாள். அணிலுக்கு ரத்தம் பார்க்கிற நாளெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிறாள். உள்ளே போவதில்லை. அந்த அப்பா இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. போன தடவை அந்தப் பிள்ளையின் அம்மா வெளியே வந்து, நடந்துகொண்டே, கொஞ்சம் இறங்கியிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். அன்றைக்குத்தான் உன் தங்கை இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதனால் அணில் எப்படி இருக்கிறாள் என்று கேள். அம்மா எழுதினாள் என்றே சொல், திட்டினால் திட்டட்டும்.

இன்னொன்று, எழுதாமல் இருக்க முடியவில்லை. சமையல்கட்டுக்கு இப்போது காய் வேனில் வருகிறது. நேற்று வரிசையில் தட்டை நீட்டின பிள்ளை ஒன்று, இது எந்த மண்ணுல விளைஞ்சது அக்கா என்று கேட்டது. குறும்பில்லை, சாப்பிடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. பின்னால் நின்ற பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். வேன்காரரைக் கேட்டால், மார்க்கெட்ல ஏத்துனேன்க்கா, அதுக்கு முன்னாடி எனக்கென்ன தெரியும் என்கிறார். இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் நான் இதைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொன்னேன். இவ்வளவு நடந்தும் கண்ணீர் விடாதவள், என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். அழுது ஓய்ந்ததும், நாளைக்கும் கேப்பாங்கம்மா, என்ன சொல்லுவே என்றாள். தெரியலன்னுதான் சொல்லணும் என்றேன். அப்படியே சொல்லு என்றாள்.

நீ எங்கே இருந்தாலும் நல்ல தண்ணீரும் நல்ல சாப்பாடும் உனக்குக் கிடைக்க வேண்டும், நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா