உங்கள் கட்சிக் கரை வேட்டி

தலைவரே,

இன்று காலை துணி மூட்டையைப் பிரித்த இஸ்திரிக்காரர், ஒரு வேட்டியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, கட்சி மாறிப்போட்டீங்களா? சொல்லவே இல்லீங்களே!" உங்கள் வேட்டிதான். உங்கள் கட்சிக் கரை பளிச்சென்று தெரியும்படி மடித்திருந்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் என் பெயரைக் கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

துடியலூரில் நான் மேடையேறினால் உங்களைத் திட்டாமல் இறங்கியதில்லை. கூட்டம் முடிந்ததும் நீங்களே பேக்கரிக்குக் கூட்டிப்போய் டீ சொல்லிவிட்டு, "செயலாளரே, இன்னைக்கு நல்ல பாயிண்ட் ஒண்ண உட்டுப்போட்டீங்களே" என்பீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

வெளிநாட்டோடு அந்த வர்த்தகப் பேச்சுவார்த்தை வந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கத்துத் துணிக்கு அங்கே வரி ஏறினால் ஆர்டர் நின்றுபோகும் என்று ஊரே பயந்து கிடந்தது. எல்லாக் கட்சிக்காரரும் ஒரே மனுவோடு டெல்லி போகலாம் என்று நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். நான் பிடி கொடுக்கவில்லை. "ஆட்சி உங்களுது, பேசறதும் நீங்க. கெட்டுப்போனா பழியில பங்குக்கு நாங்க எதுக்குங்க வரோணும்?" என்றேன். அரசியலில் இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான்.

"கேக்கறதெல்லாம் இங்க மேடை போட்டுக் கேளுங்க. அங்க போறப்ப மட்டும் ஒண்ணாப் போலாமுங்க. தறி நின்னா உங்க ஓட்டுக்காரன் தறி மட்டும் தனியா ஓடுமுங்களா?" என்றீர்கள். என் வீட்டுத் தறிகளின் சத்தம் நம் இருவர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. கிளம்பி வந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை: யாரும் கட்சிக் கரை வேட்டி கட்டக்கூடாது, எல்லோருக்கும் வெறும் வெள்ளை. அமைச்சரைப் பார்க்க அரைமணி நேரம் இருக்கும்போது என் வெள்ளை வேட்டியில் முழு டம்ளர் டீயையும் கொட்டிக்கொண்டேன். பையில் மிச்சம் இருந்தது என் கட்சிக் கரை வேட்டி. அதைக் கட்டியதும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அப்பன்னா நாங்களும் எங்க கரையைக் கட்டறோம்" என்று ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். மனு அங்கேயே கிழிந்திருக்கும். நீங்கள்தான் உங்கள் கரை வேட்டியை எடுத்து என் கையில் திணித்தீர்கள். "இதைக் கட்டுங்க. அவரவர் கரையைக் கட்டுனாத்தானுங்க தப்பு?"

அத்தனை பேரும் சிரித்ததில் சண்டை போன இடம் தெரியவில்லை. நான் மட்டும் மாற்றான் வேட்டியில், மாப்பிள்ளைக் கோலத்துக் கூச்சத்தோடு உள்ளே போனேன்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மனுவைப் பற்றி நாலு வரி, என் இடுப்பைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. விளக்கம் கேட்டு எங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். முப்பது வருடக் கட்சி வாழ்க்கை ஒரு டீயில் போகப்போகிறது என்று நிஜமாகவே கலங்கினேன். விசாரணை அன்று நீங்கள் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தீர்கள், டெல்லியில் நான் அவிழ்த்துப்போட்ட என் கட்சிக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு! "வேட்டி எங்களுதுங்க, ஆளு உங்காளுதானுங்க. அவர வெச்சு ஓட்டறதுக்கு எங்களால முடியாதுங்க." தலைமேசையில் இருந்தவரே சிரித்துவிட்டார். நோட்டீஸ் போன இடம் தெரியவில்லை. அடுத்த வாரம் உங்கள் கட்சியில் உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, நான் வந்து சாட்சி சொன்னேன்.

நாம் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியில்தான் என் தறி இன்றும் ஓடுகிறது.

இப்போது மறுபடியும் ஒரு பேச்சுவார்த்தை, மறுபடியும் கூட்டு மனு. "நாம எதுக்குங்க போகோணும்?" என்று எங்கள் கூட்டத்தில் கேட்டார்கள். என் பழைய கேள்வி அப்படியே. எழுந்து நின்று உங்கள் பதிலைச் சொன்னேன். முனகினார்கள். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நாளைக்கு ரயில். பையில் இரண்டு வெள்ளை வேட்டி இருக்கிறது. அவற்றுக்கு மேலே உங்களுடையது. கையில் டம்ளரைப் பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். இந்த முறை நோட்டீஸ் வந்தால் என் கரையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க நீங்கள் இல்லையே, தலைவரே. வரட்டும். வேட்டி அவருடையது, ஆள் உங்கள் ஆள்தான் என்று எங்கள் அலுவலகத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன்.