பச்சைப் புள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உள்ளே இருக்கும் குட்டியும் நலமா? நான் நலமில்லை. பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன்.

நீ கையில் அந்தப் பட்டையை மாட்டியதிலிருந்து அம்மா உனக்கு மட்டும்தான் அம்மா. உன் நாடி, தூக்கம், நடை எல்லாம் அவள் போனுக்கு வருகிறது. எல்லாம் சரி என்று பச்சைப் புள்ளி எரிந்தால்தான் காலையில் பல்லே துலக்குகிறாள். போன வாரம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை.

அம்மா நர்ஸாக இருக்கும் பிரசவ வார்டிலும் இதே பேச்சுதானாம். பெரிய நர்ஸுக்குப் பட்டை பிடிக்கும். ஒரு கர்ப்பிணியின் படபடப்பை அதுதான் முதலில் காட்டியதாம். இன்னொரு நர்ஸோ, "நல்லா இருக்கியாம்மான்னு கேட்டா, மணிக்கட்டப் பாத்துட்டு பதில் சொல்றாளுங்க" என்று சிரிக்கிறாளாம். அம்மா, பயிற்சிக்கு வரும் பெண்களிடம் "மொதல்ல மொகத்தப் பாரு, அப்புறம் நம்பரப் பாரு" என்று கத்துவாள். அந்தக் கத்தல் தாங்காமல்தானே நான் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தேன்! உன் விஷயத்தில் அவள் நம்பரைக்கூடப் பார்ப்பதில்லை. புள்ளி மட்டும்தான்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று நேற்று வயிற்றெரிச்சலில் அவள் போனைத் திறந்தேன். போன மாதம் வரை உன் நாடி தொண்ணூறு. பத்து நாளாக ஐம்பத்தெட்டு. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வேறு. ஏழு மாத வயிற்றோடு யாரடி ஓடுவது? மாமா கையில் மாட்டிவிட்டாய், இல்லையா?

ஏன் கழற்றினாய் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது. கை வீங்கி, பட்டையின் கடைசி ஓட்டையும் போதாமல் போயிருக்கும். தலைவலியும் இருக்கும். அரைகுறைப் படிப்பென்றாலும், இதெல்லாம் பிரஷர் ஏறும் அறிகுறி என்ற பாடம் மறக்கவில்லை.

நீ போனை எடுக்கவில்லை. மாமா எடுத்தார், எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார். அந்த நிமிடமே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டுக் கூப்பிட்டு, பிரஷர் ஏறியிருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்றார். இப்போது அங்கே படுத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு.

பிறகு அம்மாவிடம் போனை நீட்டினேன். புள்ளியை விரலால் மறைத்து, நம்பரை மட்டும் காட்டினேன். "இது புள்ளத்தாச்சி நாடியே இல்லடி" என்று உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து பையைக் கட்டினாள். இந்தக் கடிதம் அந்தப் பையில்தான் வருகிறது.

பிரசவம் முடியும்வரை அவளை நீயே வைத்துக்கொள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கித்தான் வயிற்றைத் தொடுவாள். அவளிடம் எதையும் மறைக்காதே.

இதை எழுதும்போதே "சீக்கிரம் எழுதுடி, பஸ் போயிரும்" என்று வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது. நான் சொல்லவில்லை.

நல்லபடியாகப் பெற்றெடு அக்கா. அப்புறம் அவளைத் திருப்பி அனுப்பிவிடு.

உன் பொறாமைக்காரத் தங்கை