பிடரியும் தெரியும் முகம்

வியாழன், மழை.

இல்லை, அவளை யாரும் உடைக்கவில்லை. அதை இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

விரிவுரையாளர் திரையில் மறுபடி காட்டியது, போன வாரம் கட்டுரைக்குக் கொடுத்த படம்: கியூபிச பாணியில் வரைந்த ஒரு பெண்ணின் முகம். மூக்கு பக்கவாட்டில் இருந்தது. இரண்டு கண்களும் நம்மைப் பார்த்தன. பிடரியும் கொண்டையும் முகத்தோடு சேர்ந்தே தெரிந்தன.

"மனுசியைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கிறான். இதில என்னடி ஆராய்ச்சி?" என்றாள் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துத் தர்ஷினி.

"வெட்டல. அவளுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேரத்துல வேலை இருக்கு" என்றேன்.

"அப்பிடி ஆரடி இருக்கினம்?"

எழுந்தேன். புத்தகப் பையின் பட்டியைத் தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டேன். இரண்டு கையாலும் காற்றைக் கிள்ளி, திரும்பாமலே தோளுக்கு மேலாகப் பைக்குள் போட்டேன். கண் செடியில் இருக்கும்போது கூடையைப் பார்ப்பது முதுகுதான்.

சிலர் சிரித்தார்கள்.

"உந்த வித்தையை எங்கயடி பழகினனீ?" என்றாள் தர்ஷினி.

வீடு கண்டிப் பக்கம் பன்வில என்று மட்டும்தான் மூன்று வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

"எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க."

சிரிப்பு நின்றது. "கட்டுரையில அதையே எழுதுங்க, நாளைக்குப் பார்க்கிறேன்" என்றார் விரிவுரையாளர்.

"இவ்வளவு நாளும் ஏனடி சொல்லேல்ல?" என்று தர்ஷினி பஸ் தரிப்பிடம் வரை கேட்டாள். பதில் தெரியும். இந்த நாட்குறிப்பில் எழுதக்கூடக் கை வரவில்லை. ஆனால் படத்தைப் பற்றி நான் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'சிதைந்த பெண்' என்று போன வாரம் நானும்தான் தலைப்பு எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும் இடத்திலிருந்து கட்டுரையைத் தொடங்கினேன்.