இரண்டு குமிழ் உள்ளதே போதும்

மருதமுனை
08.07.1984

அன்பு மகள் றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் தம்பி ஜெமீலும் சுகம். குவைத்தில் வெயில் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் தலைவலி எப்படி?

முதலில் வாப்பாவுக்கு நடந்த வெட்கக்கேட்டைச் சொல்லி விடுகிறேன். டிவிக்குப் போடும் கார் பெற்றரியைச் சார்ஜ் ஏற்ற, கல்முனையில் டிவி திருத்தும் அருட்பிரகாசத்தின் கடைக்குப் போனேன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த வீடியோ கேம் ஒன்று அங்கே திருத்த வந்திருந்தது. நீ எழுதியிருந்தாயே, லிவரைப் பிடித்து ஆட்டுவது, கேசட் மாற்றிப் போடுவது, அந்தப் பெரிய வகைதான். “காக்கா, ஒருக்காப் புடிச்சுப் பாருங்களன்” என்றார் அவர். இருபது வருஷம் சம்மாந்துறை வயல்களில் டிராக்டர் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு லிவரா என்று உட்கார்ந்தேன். திரையில் கார் ஓடத் தொடங்கியதும் என் இடது கால் தானாகக் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. மிதிபட்டது, அவர் மேசைக்குக் கீழே வைத்திருந்த பிளேன் டீக் கோப்பை.

அவருடைய மகள் கிருபாமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மாமா, இது உங்கட டிராக்டர் இல்ல, எழும்புங்க!” என்று என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். கால்களை நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு, கார் வளைந்தால் தானும் வளைந்து, மோதினால் நாக்கைக் கடித்துக்கொண்டு விளையாடினாள். பெரிய பிள்ளையாகத் தெரிகிறாளே, என்ன வயது என்று கேட்டேன். சூறாவளி அடித்த எழுபத்தெட்டாம் வருஷம் பதின்மூன்று என்றார் அருட்பிரகாசம். உனக்கும் அந்த வருஷம் பதின்மூன்று.

பெற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் உன் கடிதம்தான் நினைவில் இருந்தது.

உன் கடிதம் வந்தால் நான்தான் சத்தமாக வாசிப்பேன் என்று உனக்குத் தெரியும். உம்மாவும் தம்பியும் முன்னால் இருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஸைனம்பு மாமி உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்பா. உம்மா அழக்கூடிய வரி வந்தால் நான் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தாண்டி வாசிப்பதில் நான் கெட்டிக்காரன்.

போன மாதம் தம்பிக்கு எந்த வீடியோ கேமைக் கொண்டு வருவது என்று கேட்டிருந்தாய். சின்னது, நீ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் விளையாடி ஒதுக்கியது. டோர்ச் பெற்றரியில் ஓடும். இரண்டு பேர் ஆளுக்கொரு குமிழைத் திருகிப் பந்தடிக்க வேண்டும், வேறு விளையாட்டு இல்லை. பெரியது கடையில் புதிதாக வாங்குவது, கலர். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். பெரியது என்றால் இன்னும் ஒரு வருஷம் நிற்க வேண்டும் என்று எஜமானி சொல்கிறாள், நிற்கட்டா வாப்பா என்று.

அந்த வரியை நான் தாண்டிவிட்டேன்.

ஜெமீல் “பெரிசு, பெரிசு!” என்று குதித்தான். “கலர் எண்டா கலர்தானே, பெரிசையே சொல்லுங்க” என்றா ஸைனம்பு மாமி. நம் டிவி கறுப்பு வெள்ளை என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. உம்மா மட்டும், “புள்ள எப்ப வாறாளாம்?” என்று கேட்டாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என்றேன். அன்றைக்கே “பெரியதுதான் நல்லது” என்று உனக்கு எழுதித் தபாலில் போட்டேன்.

விளங்காமல் எழுதினேன் என்று நினைத்துவிடாதே மகள். உனக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டின் சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. வீடு முடியாமல் மாப்பிள்ளை கேட்டுப் போக முடியாது. இன்னும் ஒரு வருஷம் என்றால் கூரை போட்டுவிடலாம் என்று என் புத்தி போனது. அதைச் சொல்ல வாய் வராமல் வீடியோ கேமின் பேரில் எழுதினேன்.

அருட்பிரகாசத்தின் கடையிலிருந்து வந்து உன் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். வேலையைப் பற்றி மூன்று வரி. அந்தச் சின்ன விளையாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பந்து மூலையில் பட்டால் எப்படித் திரும்பும், அந்த வீட்டுப் பெடியனை எட்டுத் தரம் எப்படித் தோற்கடித்தாய், அவன் எப்படி அழுதான். தம்பிக்காக மட்டும் கேட்பவள் இவ்வளவும் எழுதுவாளா?

நேற்று உம்மாவுக்கு நான் தாண்டிய அந்த வரியை வாசித்துக் காட்டினேன். இன்றைக்கு இவ்வளவு நேரமாகியும் அவள் என்னோடு கதைக்கவில்லை. தேநீர் மட்டும் வந்தது, சீனி இல்லாமல்.

லீவில் வந்து நிற்கும் ஜவுபர் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். தபாலை நம்பாமல் அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். எஜமானியிடம் ஓம் என்று சொல்லியிருந்தால், வாப்பா விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லு. பழி என்னோடு இருக்கட்டும். சின்னதைக் கொண்டு வா. அதையும் தராவிட்டால் வெறுங்கையோடு வா. சுவர் நிற்கிறபடி நிற்கட்டும், ஸைனம்பு மாமியின் ஆடுகளுக்கு நிழலாவது கிடைக்கிறது. ஒரு குமிழ் உனக்கு. மற்றதை நானும் தம்பியும் மாறி மாறிப் பிடிக்கிறோம். என் காலடியில் கோப்பை எதையும் வைக்க வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்ல வேண்டும், அவள் கதைக்கத் தொடங்கிய பிறகு.

அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
அச்சிமுகம்மது

மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பாஸ்போட்டுக்குக் கொடுக்கப் போன அன்று அந்த ஏஜன்சிக்காரன் “புள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அவனாகவே இருபத்துமூன்று என்று எழுதிக்கொண்டான்.

பதினேழு மகள். உனக்கு அன்றைக்குப் பதினேழு.