அறுபத்தாறா எழுபதா

பெஜாயா
12 மே 2016

அன்புள்ள அரெஸ்கி அண்ணாவுக்கு, தங்கை வர்தியாவின் ஸலாம்.

நீங்களும் அண்ணியும் நலம்தானே? உங்கள் காது மெஷின் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று அண்ணி சொன்னார். அது வரும்வரை நான் கடிதம்தான் எழுத வேண்டும். போனில் நான் கத்துவது எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கிறது, ஓரானில் இருக்கும் உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை.

ஒரு செய்தி சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். போன சனிக்கிழமை தூனிஸ் நகரத்தில் நடந்த முதியோர் தடகளப் போட்டியில், எழுபதிலிருந்து எழுபத்து நான்கு வயது வரையான பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் உங்கள் தங்கை முதலாவதாக வந்துவிட்டாள். தங்கப் பதக்கம்.

எனக்கே இன்னும் விளங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது, தினமும் நட என்று டாக்டர் சொன்னதால்தான் ஒன்பது வருடங்களுக்கு முன் ஸ்டேடியத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அங்கே கனீயா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். “நடக்கிறதுல என்ன இருக்கு, கொஞ்சம் ஓடித்தான் பாரேன்” என்றாள். ஓடினேன். அவ்வளவுதான் கதை.

ஏழு பேர் ஓடினோம். மூன்றாவது சுற்று வரை ஷத்லியா என்ற துனீசியாக்காரிதான் முன்னால். வயது எழுபத்து மூன்று, மருத்துவச்சியாக இருந்தவள். கடைசி இருநூறு மீட்டரில் என் கால்கள் என்னைக் கேட்காமலே வேகம் எடுத்தன. ஆறு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. அவளுக்கு நான்கு வினாடி கூடுதல். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து, “எங்கேருந்துடி வந்தே நீ? மூணு வருஷமா இது என்னோட ஓட்டமா இருந்துச்சு” என்றாள்.

நகராட்சியில் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். “எழுபதுலயே இப்படின்னா, இருபதுல எப்படி ஓடியிருப்பீங்க?” என்று அதிகாரி கேட்டார். இருபதில் எனக்கு இரண்டு பிள்ளைகள். ஓடியதெல்லாம் ஊற்றுக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நோன்புக்கு முன் பதில் போடுங்கள். அண்ணிக்கு அத்திப்பழம் அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை
வர்தியா


ஓரான்
24 மே 2016

என் அருமைத் தங்கை வர்தியாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாவது தடவை, “எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க” என்றாள். ரொட்டிக் கடைக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். நாற்பது வருடம் ரயில்வேயில் இன்ஜினுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவன் நான். எனக்கு ஒரு மாலை விழவில்லை. உனக்கு விழுந்ததில் எனக்கே விழுந்த மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்தத் துனீசியாக்காரி பாவம். எழுபத்து மூன்று வயதில் அறுபத்தாறு வயதுக்காரியோடு ஓடியிருக்கிறாளே. காகிதத்தில்தானே உனக்கு எழுபது, காலில் இல்லையே. அப்பா அன்றைக்குப் பார்த்த வேலை இன்றைக்கு உனக்குத் தங்கம் வாங்கித் தந்திருக்கிறது. இதையெல்லாம் வெளியே சொல்லிவிடாதே.

முழங்காலைப் பார்த்துக்கொள். அத்திப்பழம் வந்தது, முக்கால்வாசி என் வயிற்றுக்குள் போய்விட்டது.

உன் அண்ணன்
அரெஸ்கி


பெஜாயா
3 ஜூன் 2016

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் புரியவில்லை. வேடிக்கையாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு மகள் நுவாராவிடம் காட்டினேன். “மாமாவுக்கு வயசாச்சும்மா, கணக்குத் தப்புது” என்றாள். உங்களுக்குக் காதுதான் கேட்காது, கணக்குத் தப்பாது என்று எனக்குத் தெரியும்.

அறுபத்தாறு என்று ஏன் எழுதினீர்கள்? அப்பா பார்த்த வேலை எது? என் அடையாள அட்டையில் 1946 மார்ச் 11 என்று இருக்கிறது. கல்யாணப் பத்திரத்திலும் அதுதான், சர்க்கரை டாக்டரின் சீட்டிலும் அதுதான். முழங்கால் வலிக்கும்போதெல்லாம் எழுபது வயதில் வலிக்காமல் என்ன செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறேன். அது அறுபத்தாறு வயது முழங்கால் என்றால் நான் ஏன் பொறுக்க வேண்டும்?

விளையாட்டாகக் கேட்கிற மாதிரி இருக்கிறதா? இல்லை. சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

வர்தியா


ஓரான்
20 ஜூன் 2016

அன்புத் தங்கைக்கு,

அம்மா கண்மூடும் முன் உன்னிடம் சொல்லியிருப்பாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நோன்பு நேரத்தில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு முன்னால் நமக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் பெயர்தான் வர்தியா. 1946 மார்ச் 11 அவள் பிறந்த நாள். 49ஆம் வருடக் குளிர்காலத்தில் அம்மை கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். பனி விழுந்து பாதை மூடியிருந்தது. சாவைப் பதிய நகராட்சிக்கு யாரும் போகவில்லை. 50 பிப்ரவரியில் நீ பிறந்தாய். அதைப் பதியவும் யாரும் போகவில்லை. “பேரும் இருக்கு, காகிதமும் இருக்கு. இன்னொண்ணுக்காக எதுக்குப் போய் நிக்கணும்?” என்றார் அப்பா. அந்தப் பெயரையும் காகிதத்தையும் உனக்கு வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் இது. இதைப் பெரிதாக நினைக்காதே. வயது நான்கு குறைந்தால் பெண்கள் சந்தோஷப்படுவார்கள் என்று அண்ணி சொல்லச் சொல்கிறாள்.

உன் அண்ணன்
அரெஸ்கி


பெஜாயா
9 ஜூலை 2016

அண்ணா,

பெருநாள் போய்விட்டது. பிள்ளைகள் எல்லோரும் வந்து முத்தமிட்டு, “எழுபது வயசுச் சாம்பியன்” என்றார்கள். நான் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுபது வயதுக்காரி மூன்று வயதிலேயே செத்துப்போனாள். ஓடினவளுக்கு எழுபது இல்லை.

கனீயாவிடம் சொன்னேன். “பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் வயசு. வாயை மூடிக்கிட்டு ஓடு” என்றாள். மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு கழித்தல் கணக்கு தானாக வந்து விழுந்தது. கையைக்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்து கல்யாணப் பத்திரத்தை எடுத்தேன். மாவுக் கறை அதில் இப்போதும் இருக்கிறது.

1964 அக்டோபர். காகிதத்தில் பதினெட்டு. அப்படியென்றால் பதினான்கு.

பதினாறுக்குக் குறைந்த பெண்ணைப் பதியக் கூடாது என்று அப்போதே சட்டம் வந்துவிட்டது. அந்த எழுத்தர் என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் குள்ளமாக இருப்பதால் பார்க்கிறார் என்று நினைத்து நுனிக்காலில் எழுந்து நின்றேன். மாப்பிள்ளை மொஹந்துக்கு அன்று முப்பத்தொன்று. அவர் கெட்டவர் இல்லை. இருக்கும்வரை என்னை அடித்ததில்லை. ஆனால் முதல் பிரசவத்தில் நான் செத்துப் பிழைத்தபோது, “பத்தொன்பது வயசுக்காரிக்கு இவ்வளவு பலவீனமா?” என்று தாதி திட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வருடமாக என் உடம்பு பலவீனமானது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தில் இரண்டாவது சாட்சியின் கையெழுத்து உங்களுடையது. அன்று உங்களுக்குத் தெரியுமா? இது ஒன்றுதான் என் கேள்வி.

வர்தியா


பெஜாயா
18 செப்டம்பர் 2016

அரெஸ்கி அண்ணாவுக்கு,

பத்து வாரம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் அண்ணி எடுக்கிறார், “தூங்கிட்டிருக்கார்” என்கிறார். காலை பத்து மணிக்கும் தூங்குகிறீர்கள், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறீர்கள்.

சரி, பதில் வேண்டாம். வேறொன்று கேட்கிறேன். வயதைத் திருத்தச் சொல்லிக் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன். நான் பிறந்தபோது வீட்டில் இருந்த, என்னைவிட மூத்த ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

எல்லோரும் தடுக்கிறார்கள். “மெடலும் போயி, அப்பாவோட பேரும் போகும்” என்கிறாள் நுவாரா. அவள் சொல்வதும் சரிதான். என்ன வேண்டும் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை அண்ணா. சில நாள் எனக்குக் கோபம் அப்பா மேல், சில நாள் அம்மா மேல். ஒரு நாள் அந்த மூன்று வயதுக் குழந்தை மேலேயே கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன். ஓடவும் முடியவில்லை. இரண்டாவது சுற்றில் களைப்பு வந்தால், இது எந்த வயதின் களைப்பு, நிற்க வேண்டியதா, தாண்ட வேண்டியதா என்று தெரியாமல் பாதையிலேயே நின்றுவிடுகிறேன். ஒன்பது வருடத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஓட்டம் மட்டும்தான். அதாவது சரியான கணக்கில் இருக்கட்டும்.

வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

வர்தியா


ஓரான்
2 அக்டோபர் 2016

வர்தியா,

வருகிறேன்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். எனக்கு அன்று இருபத்து நான்கு வயது. நகராட்சிப் படியில் அப்பா என் தோளைப் பிடித்து, “அவளுக்குப் பதினெட்டு, அவ்வளவுதான்” என்றார். நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். போரில் வீடு எரிந்திருந்தது, மொஹந்துக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது, ஒரு வயிறு குறையும் என்றெல்லாம் அப்பா சொன்னார். இதைக் காரணமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த மாதம் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. உன் வயிற்றை நான் நிரப்பியிருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை, தோன்ற நான் விடவில்லை.

அந்தப் பத்து வாரமும் நான் தூங்கவில்லை. அண்ணி பொய் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சாட்சிக்கு வேண்டியிருக்கும். நீ பிறந்து நாற்பது நாள் வரை அம்மா உன்னை வேறு பெயரில்தான் கூப்பிட்டாள். அப்பா காகிதத்துப் பெயரைச் சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெயர் தாவூஸ். மயில் என்று அர்த்தம். தலை நிறைய முடியோடு நீ பிறந்தாய், அதனால் வைத்தாள்.

அரெஸ்கி


பெஜாயா
4 மே 2017

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜனவரியில் கோர்ட் முடிந்து பஸ் நிலையத்தில் நாம் இரண்டு பேரும் பருப்புச் சூப்பைக் குடித்துவிட்டுப் பிரிந்தோம். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. இன்று எழுதத் தோன்றியது, எழுதுகிறேன்.

அன்று உங்களுக்குக் காது கேட்டிருக்காது. நீதிபதி அம்மா என்னிடம் கேட்டது இது: “வயசைத் திருத்த எல்லாரும் சின்ன வயசுல வருவாங்க. உங்களுக்கு இப்ப எதுக்கும்மா?” ஓடுவதற்கு என்றேன். எழுத்தர் சிரித்தார், நீதிபதி சிரிக்கவில்லை. பிறகு உங்களிடம் பிறந்த வருடத்தைத்தான் கேட்டார். நீங்கள் கல்யாணத்தையும் சேர்த்துச் சொன்னீர்கள், கையெழுத்தையும் சொன்னீர்கள். யாரும் கேட்காததைச் சொன்னீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த உங்கள் வலது கையைத்தான் பார்த்தேன்.

தீர்ப்பு வந்து காகிதம் வாங்கப் போனேன். இரண்டு காகிதம் கொடுத்தார்கள். ஒன்று வர்தியா இறந்ததற்கு, அறுபத்தெட்டு வருடம் தாமதமாக. இன்னொன்று நான் பிறந்ததற்கு. இரண்டிலும் ஒரே நாளில் முத்திரை குத்தினார்கள். வரிசையில் பின்னால் நின்றவன், “அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?” என்று கேட்டான். தெரியவில்லை தம்பி என்றேன்.

போன சனிக்கிழமை மறுபடியும் தூனிஸ். பதக்கத்தைக் கையோடு கொண்டுபோனேன். போட்டிக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களுடைய விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இல்லையாம். நேராக ஷத்லியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருத்துவச்சி இல்லையா, கல்யாணம் என்றதும் விரலை மடித்துக் கணக்குப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, குடு. உன்னோட நாலு வயசை ஜெயிக்க எனக்கு நாலு செகண்ட்தான் பத்தலைன்னு பேரப்பசங்ககிட்ட சொல்லிக்கிறேன்” என்று பதக்கத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை நான் ஓடியது அறுபத்தைந்து வயதுப் பிரிவுக்காரிகளோடு. எல்லாரும் நெட்டை. கோட்டில் நிற்கப் பெயர் கூப்பிட்டார்கள். “தாவூஸ்” என்றார்கள். யாரும் போகவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். யார் இந்தப் பொறுப்பில்லாதவள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை ஷத்லியா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “அடியே, உன்னைத்தான்டி” என்று கத்தினாள். ஓடிப்போய் நின்றேன், துப்பாக்கி வெடித்துவிட்டது.

ஆறு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. எழுபதில் ஓடியதைவிட அறுபத்தேழில் மூன்று வினாடி வேகம். மூன்றாவது இடம், வெண்கலம்.

அண்ணா, இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து அண்ணிக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். சில நாள் உங்கள் பெயரைக் கேட்டாலே அந்தப் படிக்கட்டு வந்து நிற்கிறது. சில நாள் ஓரான் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறேன். எது நிற்கும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் எழுதுங்கள். உறைமேல் புதுப் பெயரைப் போடுங்கள். தபால்காரன் முழிப்பான், நான் சொல்லிவைக்கிறேன்.

தாவூஸ்

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது. இந்தப் பெயரில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.