சின்ன வீட்டுக்கு ஒரு பொட்டு

19.10.2023

கோயம்புத்தூர் பார்சல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. இதற்கு எத்தனை போன், எத்தனை 'நாளைக்குக் கண்டிப்பா சார்'! பிரித்தால் உள்ளே பளபளவென்று த்ராட்டில் பாடி. வண்டிக் கம்பெனி இந்தச் சாமானைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இது வேறொருத்தன் அளவெடுத்துச் செய்து விற்பது. பழையதைவிட வாய் கொஞ்சம் பெரிது.

அன்னத்தாய் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சின்ன வீட்டுக்கு நகை வந்துருச்சாக்கும்?"

என் கார் அவளுக்குச் சின்ன வீடு. மூணாறு எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சின்னமனூரில் இதைத் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது, என் பெண்டாட்டியைத் தவிர. என்றைக்காவது ஏறினாலும் இறங்க என் கை வேண்டும். "உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும், இதுக்குப் பேரு காரா?" என்பாள்.

நகை இல்லடி, மூக்கு என்றேன். எஞ்சின் இதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். பழையதில் அச்சு தேய்ந்துபோய், காலை எடுத்த பிறகும் சில நேரம் தகடு மூடாமல் ஒட்டிக்கொள்கிறது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப மலையில போகையில நிக்காம ஓடுமா?"

"அதுக்குத்தானே புதுசு வாங்கியிருக்கேன்."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வட்டமா மூஞ்சி கணக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் கடையில் மோட்டார் பம்பு வியாபாரம் சூடாக இருக்கிறது. தீபாவளி முடிந்துதான் மாட்ட வேண்டும்.

23.10.2023

ஆயுத பூஜை. விடிந்ததிலிருந்து அன்னம் சந்தனம் அரைக்கிறாள். ஸ்பேனர், அரிவாள்மனை, மிக்ஸி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் பொட்டு. என் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் விடவில்லை. காருக்கு முன்னால் வந்ததும் கிண்ணத்தை என் கையில் திணித்தாள்.

"சின்ன வீட்டுக்கெல்லாம் நான் பொட்டு வைக்க மாட்டேன். நீங்களே வச்சுக் கொஞ்சுங்க."

வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புதான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு பொட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

6.11.2023

நேற்று போடிமெட்டு இறக்கத்தில் தகடு ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தும் எஞ்சின் உறுமிக்கொண்டு ஓடுகிறது. மழை. எதிரே பஸ். சாவியைத் திருப்பி அணைத்து, மலைப்பக்கம் பாறையை ஒட்டி நிறுத்திவிட்டேன்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அந்தச் சனியனை வித்துத் தொலைங்க! ஒருநா இல்லாட்டி ஒருநா உங்களை மூட்டையாக் கட்டிக் கொண்டாந்து போடப்போறாக. நான் அங்கன வந்து எதைத் தேடுவேன்?"

நானும் பதிலுக்குக் கத்தினேன். இன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். போகட்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

8.11.2023

அன்னம் போய்விட்டாள்.

2.12.2023

எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தலை வலிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜெனிபரிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை. பேச்சுத்தான் இல்லையே. நான் குளித்துவிட்டு வரும்போது அடுப்படியில் விழுந்து கிடந்தாள். தேனி ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. பிறகு இல்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். வித்துத் தொலைங்க. 'சாப்பிட வாங்க' இல்லை, 'குடை எடுத்தாச்சா' இல்லை. ஏண்டி, கோவத்தோடயே போயிட்டியா? ஒரு வார்த்தை திட்டிட்டாவது போயிருக்கக் கூடாதா? நான் அங்கனதானடி குளிச்சிக்கிட்டு இருந்தேன்!

11.10.2024

ஊரெல்லாம் ஆயுத பூஜை. திவசம் கழியாத வீட்டில் பண்டிகை கிடையாது. சந்தனக்கல் காய்ந்து கிடக்கிறது.

15.12.2024

திவசமெல்லாம் முடிந்தது. மகள் ஹேமாவதி கோவைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன்: வண்டியை விற்கப் போகிறேன்.

"ஏம்ப்பா, அம்மா அதை எப்பவும் சொல்றதுதானே? கறிவேப்பிலை இல்லைன்னாக்கூட வண்டிய வில்லுங்கன்னுதான் சொல்லும்."

இருக்கலாம். ஆனால் கடைசியாகச் சொன்னதும் அதுதானே. உயிரோடு இருந்தபோது ஒரு பேச்சு கேட்டேனா? இதையாவது கேட்கிறேன்.

குமுளியில் ஜோஜி என்று ஒருவர், தங்கும் விடுதி வைத்திருக்கிறார், வந்து பார்த்தார். "கொள்ளாம் சேட்டா, வண்டி கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். ஆக்ஸிலேட்டர் ஒட்டுகிற கதையைச் சொன்னேன். மறைத்து விற்கிற பிறவி இல்லை நான். புதுசு மாட்டி, நன்றாக ஓடினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டி பரணிலேயே இருக்கிறது.

12.1.2025

முத்துப்பாண்டியின் லேத் பட்டறையில் மாட்டினோம். தேனியில் என் கைக்கு அடுத்து நான் நம்புகிற கை அவனுடையது. பழையதைக் கழற்றினோம். புதியதற்கு வாய் பெரிது. காற்றுக் கசியாமல் இருக்க இடையில் வைக்கிற கேஸ்கெட் அட்டையில் பழையதையே வைத்தால் ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டு காற்றை மறிக்கும். அவன் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருந்தான். நான் பெட்டியைப் பிரித்தேன். வாயின் மேல் விளிம்பில் ஏதோ கறை, மஞ்சளாக. பேக்கிங் பசை என்று நினைத்துப் பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி வேறு போடவில்லை. எந்தப் பார்ட்டையும் துடைத்துத்தானே மாட்டுவோம்?

முத்துப்பாண்டி துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னண்ணே, சந்தனமும் குங்குமமுமா இருக்கு? மதினி வச்சாகளா?"

அப்போதுதான் உறைத்தது.

வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் பெட்டியைப் பிரித்து, பொட்டு வைத்து, பழையபடி மூடி வைத்திருக்கிறாள். வாசலில் நின்று வைக்க மாட்டேன் என்று சிரித்தாளே, அதே நாள். அதை இந்தக் கையால் துடைச்சு எறிஞ்சிட்டேனே! பாவி. பாவி. ஒரு நிமிஷம் கண்ணாடிய மாட்டிட்டுப் பார்த்திருந்தா என்னவாம்?

மாட்டி முடித்ததெல்லாம் முத்துப்பாண்டிதான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

13.1.2025

துணியைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். போகிக்குப் பழைய துணியோடு சேர்த்துக் கொளுத்திவிட்டானாம்.

26.1.2025

வண்டி படுத்துகிறது. மிதித்தால் ஓடுகிறது, அருமையாக ஓடுகிறது. காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் செத்துச் செத்துப் பிழைக்கிறது. முன்னே காலை எடுத்தால் நிற்காது, இப்போது காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பழனிசெட்டிபட்டியில் பின்னால் வந்த மினிபஸ்காரன் இறங்கி வந்து, "சொப்பு வண்டிய ரோட்டுக்கு ஏண்ணே கொண்டாரீக?" என்கிறான். வந்த கோபத்துக்கு அவனோடு மல்லுக்கு நின்றேன்.

கேஸ்கெட்டில் காற்றுக் கசிகிறதா என்று ஸ்பிரே அடித்துப் பார்த்தாயிற்று. இல்லை. சென்சார் சரி. காலை எடுத்த பிறகு எஞ்சின் ஓடுகிற வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஐடில் திருகு என்று ஒன்று உண்டு. இதில் எப்படித் திருகினாலும் ஒரு மாற்றமும் இல்லை.

9.2.2025

பார்ட் அனுப்பிய கோயம்புத்தூர்க்காரனோடு போனில் சண்டை. குப்பையை விற்று ஏமாற்றுகிறாய் என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் பொறுமையாக, "சார், நான் குடுத்ததுல யாருக்கும் இந்தக் கம்ப்ளெயின்ட் வரலை" என்கிறான்.

முத்துப்பாண்டி ஒரு வழி சொன்னான். "தகட்டை நூலளவு திறந்தாப்புல நிறுத்தி வச்சிருவோம்ணே. அணையாது. வாங்குறவருக்கு என்ன தெரியப்போகுது?"

வேண்டாம் என்றேன். தகடு மூடாமல் போய்த்தான் அன்றைக்குப் போடிமெட்டில் சாகத் தெரிந்தேன். அதே வண்டியை அதே குறையோடு இன்னொருத்தர் தலையில் கட்டவா? ஜோஜிக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், வாசலைப் பார்த்துக்கொண்டு.

பிறகு வாசலில் வெகு நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அன்னம் உட்காரும் இடது பக்க சீட்டைப் பார்க்கவில்லை.

16.2.2025

ஞாயிற்றுக்கிழமை. யாரையும் கூப்பிடாமல் வீட்டிலேயே கழற்றி, பேப்பர் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். டார்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன்.

வாயின் மேல் விளிம்பில், நட்டநடுவில், சின்னதாக ஒரு துளை. தகடு மூடியிருக்கும்போது எஞ்சினுக்கு இந்தத் துளை வழியாகத்தான் காற்றுப் போக வேண்டும். மெல்லிய கம்பியை விட்டேன். போகவில்லை. அவளுடைய ஊக்கு ஒன்று சாமி படத்தட்டில் கிடந்தது. அதை எடுத்து விட்டு நெம்பினேன். பொலபொலவென்று ஒரு கட்டி வந்து விழுந்தது. மஞ்சள். ஒரு பக்கம் சிவப்பு.

ஈர விரலால் தொட்டுத் தேய்த்தேன். வாசம் வந்துவிட்டது.

அவ அரைச்ச சந்தனம்.

வட்டத்தை மூஞ்சின்னு நினைச்சிருக்கா. நெத்தி எதுன்னு பார்த்து, நடு நெத்தியில விரலால அழுத்தி வச்சிருக்கா. மேலாப்புல இருந்ததை நான் துடைச்சிட்டேன். உள்ள போனது அப்படியே இருந்திருக்கு. இத்தனை நாளா கேஸ்கெட்டு, சென்சாரு, கோயம்புத்தூர்க்காரன்னு ஊரையே திட்டிக்கிட்டு... அன்னம், நீதானாடி வண்டிய நிறுத்தி நிறுத்தி வச்சது?

சின்ன வீட்டுக்கு வைக்க மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டு, மலையில என்னைக் காப்பாத்தப்போற இந்த ஒரு பார்ட்டுக்கு மட்டும் தேடிப்போய் வச்சிருக்கா. இதைப் போய்க் கோவம்னு நினைச்சேனே. 'வித்துத் தொலைங்க'ன்னா 'செத்துத் தொலையாதீங்க'ன்னு அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு இதுகூடவா புரியாது!

ஒரு துணுக்கையும் விடாமல் பொறுக்கி அவளுடைய குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். ஊதிச் சுத்தம் செய்து, மாட்டி, சாவியைத் திருப்பினேன். காலை எடுத்தேன். அணையவில்லை. ஒரே சீராக, தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பானட்டில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டு ஜெனிபர் ஓடிவந்து, "அண்ணே, என்னாச்சுண்ணே?" என்று பதறியது. வண்டி ரெடியாயிருச்சும்மா என்றேன். வேறென்ன சொல்ல?

21.2.2025

நாளைக் காலையில் ஜோஜி வருகிறார். சாவியைத் துடைத்து மேஜையில் வைத்திருக்கிறேன். ஹேமாவதி போனில், "உங்களுக்கு எது தோணுதோ அதைச் செய்யுங்கப்பா" என்கிறாள். எனக்கு எப்போது எது சரியாகத் தோன்றியிருக்கிறது?

1.10.2025

ஆயுத பூஜை. லீவுக்கு ஹேமாவதி வந்திருக்கிறாள். காலையிலேயே கல்லைக் கழுவிச் சந்தனம் அரைத்துவிட்டாள். ஸ்பேனர், மிக்ஸி, ரிமோட், என் கண்ணாடிக் கூடு என்று அவள் அம்மா போன வழியிலேயே ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில், ஜோஜிக்கு விற்காமல் வைத்துக்கொண்ட வண்டியின் பானட்டைத் திறந்து, கிளாம்பைத் தளர்த்தி, காற்றுக் குழாயைக் கழற்றி வைத்திருந்தேன். த்ராட்டில் பாடியின் வாய் வெளியே தெரிந்தது.

"இதுக்குமாப்பா? எங்கன வைக்க?"

"நெத்தியில."

குனிந்து பார்த்தாள். "அங்கன ஒரு ஓட்டை இருக்கேப்பா. அடைச்சுக்கிட்டா வண்டி நின்னுரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நின்னா நிக்கட்டும். நாளைக்கு நான் எடுத்துக்கிறேன். நல்லா அழுத்தி வையி, அம்மா வச்ச மாதிரி."

வைத்தாள். இன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை.