மேசையைத் துடைத்ததால் வந்த வினை

அன்புள்ள அக்காவுக்கு,

புருஷன் போனபின், அறுபத்தெட்டு வயதில், நான் அந்நிய ஊரில் பாத்திரம் கழுவுவதாக என் நாத்தனார் சொல்லித் திரிகிறாளாம். கழுவவில்லை, ஆய்வகத்தில் படிகம் வளர்க்கிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது?

கரிமப் பொருளைக் கரைத்துக் குடுவையில் அசையாமல் வைத்தால், நாற்பது நாளில் அடியில் தெளிவான படிகம் விளையும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அதற்குள் புகுந்து பச்சையாக வெளிவரும். ஒளியில் இயங்கும் கருவிகளுக்கு அது வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் நானே கெடுத்தேன். மேசையில் தூசி. கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிய கை சும்மா இருக்குமா? துடைத்தேன், குடுவை ஆடிவிட்டது. மறுநாள் படிகத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குட்டிப் படிகங்கள் ஒட்டியிருந்தன. இனி ஒளி அதில் சிதறிப்போகும்.

“ஏசி அதிர்வுன்னு சொல்லிடலாம் ஆன்ட்டி,” என்றாள் உடன் வேலை பார்க்கும் பெண். நான் உண்மையைச் சொன்னேன். “சுத்தமும் ஒரு வியாதிதாம்மா,” என்று ஆய்வகத் தலைவர் சிரித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடி முதலிலிருந்து நாற்பது நாள். அதனால் உங்கள் கண் ஆபரேஷனுக்குச் சொன்ன தேதியில் வர முடியாது. அலுப்பாக இருக்கிறது, அக்கா. படித்து முடித்த வார இதழ்கள் இருந்தால் அனுப்புங்கள்.

ஆபரேஷனைத் தள்ளிவைப்பீர்களா, நான் இல்லாமலே செய்துகொள்வீர்களா? போனில் யாரையும் சொல்லச் சொல்லாதீர்கள். எழுத்து கோணினாலும் உங்கள் கையாலேயே பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை